மேல்வரிசையும் என் கட்டைவிரலும்

"நல்லா இருக்கேன்" என்று நான் சொன்னது உண்மைதான். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. விபத்து நடந்து பன்னிரண்டாம் நாள், வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டில் கிடக்க, இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, சாப்பிட்டாச்சா, வீட்டுக்காரருக்கு வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று நாலு நிமிடம் அன்பாக விசாரித்துவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டால் வாயில் வேறு என்ன வரும்? சாகக் கிடக்கிறவர்கள்கூட முதலில் அதைத்தான் சொல்வார்கள். வலியைச் சொல்வது இரண்டாவது கேள்விக்கு. அந்த மனுஷன் இரண்டாவது கேள்வி கேட்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தாம் நலமாக இருப்பதாகக் கோரிக்கையாளர் பதிவு செய்யப்பட்ட உரையாடலில் ஒப்புக்கொண்டுள்ளார் என்று முதல் பத்தி. தாம் கவனமாக வந்திருக்க வேண்டும் என்று வேன் ஓட்டுநரிடமே அவர் கூறியுள்ளார் என்று இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தியில் ஒரு தொகை. பிச்சை என்று சொன்னால் பிச்சைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஓட்டுநரிடம் சொன்னதும் உண்மைதான். தண்ணீர் கேன் வேனைப் பின்னால் பார்க்காமல் எடுத்து, நடைபாதையில் ஏற்றி, என்னைச் சுவரோடு சேர்த்து நசுக்கிய ஆள் அவர். ஐம்பது வயசுக்காரர். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ரெண்டு பொண்ணு இருக்கும்மா, வேலை போயிடும்மா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு ஆம்பளை அப்படி அழுதால் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? "அழாதீங்கண்ணே, நானும் கொஞ்சம் பார்த்து வந்திருக்கணும்" என்றேன். கை ஒடிந்தவள் கை ஒடித்தவருக்கு ஆறுதல் சொன்னேன். அதையும் எழுதிவைத்துக்கொண்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வந்த சந்தோஷம். எனக்கு வெறும் மரியாதை.

நான் செய்வது பல் வேலை. பல் டாக்டர் இல்லை, அவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஆள். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அதை வைத்து லேபில் பல்செட் செய்து கொடுப்பது நாங்கள். பிளாஸ்டரில் ஈறு மாதிரி அச்சு வார்ப்போம், அதன்மேல் மெழுகில் ஒரு வரப்பு கட்டி, அந்த மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை பிடிப்போம். இருபத்திரண்டு வருடம் அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசை சரியா என்று நான் கண்ணால் பார்ப்பதில்லை. வலது கட்டைவிரல் நுனியால் ஒரு தடவு தடவுவேன். மயிரிழை தூக்கியிருந்தால் விரல் சொல்லிவிடும். எங்கள் முதலாளி வரும் டாக்டர்களிடமெல்லாம், "அளவுகோல் பொய் சொல்லும், அக்காவோட விரல் சொல்லாது" என்பார். நானும் கேட்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன்.

இப்போது அந்தக் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை.

கம்பெனியில் என் விவகாரத்தைப் பார்த்த அதிகாரி, போனில் நலம் விசாரித்த அதே ஆள், ஒரு தடவை வீட்டுக்கும் வந்தான். நேரில் சார் என்றுதான் கூப்பிட்டேன். கதையில் எதற்கு மரியாதை. உட்கார்ந்த நேரமெல்லாம் சிரித்தான். சிரித்தால் மேல்வரிசைப் பல் பதினாலும் தெரியும், கீழ்வரிசையில் ஒன்றுகூடத் தெரியாது. தொழில் புத்தி, முதலில் பல்லைத்தான் பார்ப்பேன். மேல்வரிசை என்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "அடடா, ரொம்ப வலிக்குமேம்மா" என்று உச்சுக்கொட்டினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

கடிதத்தைப் படித்துவிட்டு என் தம்பி ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தான். வக்கீல் நல்ல மனுஷர்தான். எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, "இனிமே நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. நீங்க வாயைத் திறந்தா கேஸ் கெட்டுப்போகும். எல்லாம் நான் பேசிக்கறேன்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. மேல்வரிசை என் வாயைப் பிடுங்கி என்னையே அடித்தான். இவர் அதைத் தைத்துவிடலாம் என்கிறார். டீயைக் குடித்ததும் அவரை அனுப்பிவைத்தேன்.

"ஏன்க்கா, அவங்க கிட்ட பத்து வக்கீல் இருக்கான். நீ தனியா போய் என்ன பண்ணுவ?" என்றான் தம்பி.

"என் வாயால கெட்டதை என் வாயாலேயே சரிபண்றேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். எதற்கும் அவசரப்படாத ஆள். "கொடுக்கறதை வாங்கிட்டு விடலாம்மா. கீழ போற லிப்ட்ல நின்னுக்கிட்டு மேல பட்டனை அமுக்கினா பட்டன்தான் தேயும்" என்றார். நான் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திவிட்டு, என் போனில் எல்லா அழைப்பும் பதிவாகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். அதுதான் அவர் குணம். ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் கூடவே வருவார்.

அதற்குப் பிறகு எனக்கு முழுநேர வேலை அதுதான். விபத்து நடந்த இடத்தில் இருந்த மருந்துக் கடையில் கேமரா இருந்தது. அதில் நான் நடைபாதையில்தான் நிற்கிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது. நடைபாதையில் நிற்கிறவள் எதைப் பார்த்து வந்திருக்க வேண்டும் என்று கேட்டு, படத்தோடு கடிதம் எழுதினேன். இடது கையால் எழுதினேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் டைப் அடித்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவர்கள் அந்த எழுத்தைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. என் போன் பேச்சின் பதிவைக் கேட்டு மூன்று பதிவுத் தபால் அனுப்பினேன், மூன்றாவதுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் என்ன செய்ய முடியவில்லை என்று ஒரு நோட்டில் குறித்தேன். பொத்தான், தலைப்பின்னல், பூட்டு, நெயில் கட்டர். கம்பெனி டாக்டர் ஒரு கருவியைப் பிடிக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்துவிட்டு, பிடிமானம் நன்றாக இருக்கிறது, உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலைகள் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். பல் கட்டுவது இலகுவான வேலையாம். அவர் பெயருக்கும் என் மனசில் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன். குறைதீர்ப்பு அலுவலகத்துக்குக் கொடுத்த புகார்ப் படிவத்தில், "இனி இந்தத் தொழிலை என்னால் செய்ய முடியாது" என்று எழுதியபோது நான் அதை நம்பவில்லை. வலிக்கிற இடத்தில் அடிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். பிசியோதெரபி செய்கிற பெண், "நரம்புதானேக்கா, மெதுவா வரும்" என்றிருந்தாள். முதலாளி என் முக்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. ஆறு மாதத்தில் கை வந்துவிடும், அதற்குள் இவர்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அந்த பிசியோதெரபி நிலையத்துக்கு என்னை அனுப்பியதே கம்பெனிதான். அவர்கள் பட்டியலில் இருக்கிற இடம். அவர்கள் ஊழியர்களும் அங்கேதான் வருவார்கள் என்பது எனக்கு ஒரு வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது. நான் சூடான மெழுகுத் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து, "ஐயோ அம்மா, மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல். நாலு நிமிடப் பதிவை நாற்பது தடவை கேட்டவள் நான். அந்தக் குரலைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன்.

"பக்கத்துல யாரு?" என்று அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கழுத்து எலும்பு தேஞ்சிருக்குக்கா. ஒரு வாரமா வேலைக்குப் போகாம இங்கதான் வராரு. கழுத்துல பட்டை போட்டிருக்காரு, தலையைக்கூடத் திருப்ப முடியல பாவம்."

பாவம். நான் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன். உள்ளே திரைக்குப் பின்னால் மணி அடித்தது. கதவிடுக்கில் பார்த்தால் கட்டிலின் நுனியில் அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"சார், இந்தப் பேச்சு பதிவாகுதுங்க. உங்க கம்பெனி மாதிரியே நானும் சொல்லிடறேன்."

சிரித்தான். "பண்ணிக்கங்கம்மா, அதுக்கென்ன."

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன். பையன் படிப்பு எப்படி என்று கேட்டேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவன் செய்த மாதிரியே, கடிகாரத்தைப் பார்த்து, நாலு நிமிடம். பிறகு, "நீங்க எப்படி சார் இருக்கீங்க?" என்றேன்.

"நல்லா இருக்கேன்மா. உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல."

அவன் கால் கட்டைவிரல் வலியில் மடங்கி மடங்கி நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம் சார்" என்று வைத்தேன். வராந்தாவில் நின்று தனியாகச் சிரித்தேன். கை ஒடிந்த பிறகு மனசாரச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விசாரணை, குறைதீர்ப்பு அலுவலகத்தில் என்று தேதி வந்தது. இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்ல ஒரு பொது அதிகாரி. வேலை செய்து காட்டச் சொல்லலாம், உங்கள் கருவிகளோடு வாருங்கள் என்று கடிதத்தில் கடைசி வரி. அதைப் படித்ததும் எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்து ஒத்திகை ஆரம்பித்தேன். சோப்பு வில்லையில் தீக்குச்சி குத்துவேன், குச்சி நழுவும், கை நடுங்கும், உதட்டைக் கடிப்பேன்.

"நடுக்கம் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார் வீட்டுக்காரர். "உதடு கடிக்கறது நல்லா இருக்கு. அதை வச்சுக்கோ."

ஒரு வாரத்தில் கைதேர்ந்த நடிகையாகிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் நிஜ மெழுகையும் நிஜப் பல்லையும் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகே எடுக்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, நாலைந்து நாற்காலி, மூடாத ஒரு பீரோ. அதிகாரி ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. எதிரே மேல்வரிசை, கழுத்தில் பட்டையோடு. அந்தப் பட்டையை அன்றைக்குக் கழற்றிவிட்டு வந்துவிடுவானோ என்று நான் பயந்திருந்தேன். கழற்ற முடியவில்லை போலிருக்கிறது.

கேமராப் படத்தை அந்த அம்மா இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தார். "நடைபாதைல நிக்கறாங்க. இதுல இவங்க மேல தப்புன்னு எப்படி எழுதினீங்க?" என்றார். மேல்வரிசை சிரித்தான். அடுத்ததாக என் போன் பேச்சைப் போட்டுக் காட்டினான். என் குரல் அறை முழுக்க, "நல்லா இருக்கேன்" என்றது.

"இதுக்கு என்ன சொல்றீங்கம்மா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. சாரே சொல்லுவாரு" என்று என் போனை மேஜைமேல் வைத்தேன்.

சௌக்கியம், பையன் படிப்பு, சாப்பாடு, எல்லாம் வரிசையாக ஓடியது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "நல்லா இருக்கேன்மா. உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல" என்று வந்ததும் நிறுத்தினேன்.

"இது எந்தத் தேதி?" என்றார்.

சொன்னேன். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க, எப்படி இருந்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று அவன் பக்கம் திரும்பினேன்.

அவன் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தான். கழுத்து திரும்பாதே. அந்த அம்மா பட்டையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருத்துவ விடுப்புல இருந்தேன் மேடம்" என்றான்.

"அப்ப நல்லா இல்ல."

"அது... யாராவது கேட்டா அப்படித்தானே மேடம் சொல்லுவோம்."

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் பேனா ஓடுகிற சத்தம் எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினார்.

கடைசியாக டாக்டர் எழுதியது இருந்தது. இலகுவான வேலை. அழுத்துவதைத்தான் அளந்தார்கள், உணர்வதை அளக்கவில்லை என்று நான் சொன்னேன். "எனக்குப் பல் வேலை தெரியாதும்மா. செஞ்சு காட்டினா புரியும்" என்றார் அந்த அம்மா. பெட்டியைத் திறந்து பிளாஸ்டர் அச்சு, மெழுகு, கத்தி, சின்ன ஸ்பிரிட் விளக்கு, முன்பற்கள் ஆறும் ஒட்டிய அட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். நடுக்கத்தை எங்கே ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேல்வரிசை அந்த அம்மா பக்கம் குனிந்து, மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். "பாருங்க மேடம், நல்லா நடிப்பாங்க."

நடிக்கத்தான் வந்திருக்கிறேன், அது எனக்கும் தெரியும். ஆனால் இவன் முன்னால், இந்தப் பல்லைக் காட்டுகிறவன் முன்னால், என் கையால் ஒரு கோணல் வரிசை வைத்துவிட்டுப் போவதா? இழப்பீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆறு பல்லையும் ஆணி அடித்த மாதிரி நட்டு, இப்படித்தான்டா பல் வைப்பது என்று அவன் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். தோற்றாலும் சரி என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

விளக்கை ஏற்றி, கத்தியைச் சுடரில் காட்டி, மெழுகை இளக்கினேன். நடுப்பல்லை எடுத்து வைத்தேன். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. வழக்கம்போல் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை தடவினேன். சுவரைத் தடவுகிற மாதிரி இருந்தது. சரி, இரண்டாவது பல்லை வைத்துவிட்டு ஒப்பிடலாம் என்று வைத்தேன். முதல் பல் சாய்ந்தது. பிடுங்கி மறுபடி மெழுகை இளக்கினேன். விரலுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு அழுத்துகிறேன் என்றே தெரியவில்லை. பல் மெழுகுக்குள் புதைந்துபோனது. மறுபடியும் எடுத்தேன். உதட்டைக் கடிக்கவில்லை, கை நடுங்கவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது, அது என் கையாக இல்லை, அவ்வளவுதான்.

"அம்மா, விரல்" என்றார் அந்த அதிகாரி.

பார்த்தேன். கொதிக்கிற மெழுகு கட்டைவிரல் மேல் வழிந்து, தோல் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. வழித்துவிட்டு மூன்றாவது பல்லை எடுத்தேன்.

"போதும்மா. எனக்குப் புரிஞ்சுது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மேடம். இது வந்துடும்."

அது வரவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து விளக்கைத் தானே மூடினார். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நான் கேட்டதில் ஒன்றையும் குறைக்கவில்லை, தொழில் செய்ய முடியாது என்ற வரி உட்பட எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு படித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சேர்த்தார். மேல்வரிசையும் கையெழுத்துப் போட்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பூரிப்பு. இத்தனை வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அடேயப்பா, என்னமா நடிச்ச. நானே நம்பிட்டேன்" என்றார். "இன்னும் ஒண்ணு மேடம்னு சொன்ன பாரு, ஒத்திகைல அது இல்லையே. விரலைச் சுட்டுக்கிட்டதுதான் கொஞ்சம் அதிகம். ஆனா அதுலதான் அந்தம்மா விழுந்துட்டாங்க."

"கேஸ்னா அப்படித்தான். கொஞ்சம் அதிகமா பண்ணாதான் எடுபடும்" என்றேன்.

கதவைத் திறந்துகொண்டு மேல்வரிசை வெளியே வந்தான். எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, முழு உடம்பையும் திருப்பி, என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. ஒரு பல்கூடத் தெரியவில்லை. அவன் சிரிப்பு நிற்க வேண்டும் என்றுதான் ஐந்து மாதமாக ஊணும் உறக்கமும் இல்லாமல் அலைந்தேன். இப்போது அது நின்றுவிட்டது. அதை அவன் இப்படி, என் கையைப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டாம். நான் நடிக்கவில்லை என்பது அந்த வராந்தாவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அதற்காக அவனை எந்த ஜென்மத்திலும் மன்னிக்க மாட்டேன்.

கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். முதலாளிக்குப் போன் போட்டு ஜெயித்ததைச் சொல்லட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அப்படியே அந்த முக்காலியில் வேறு யாரையாவது உட்காரவைக்கச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்டு, நான் இன்னும் நடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.